அப்பா அம்மாவுக்குச் செல்போன் பாதுகாப்பைப் புரியவைப்பது எப்படி?

கேள்வி: ஊரில் அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் தம்பி இருக்கிறார்கள். நான் வெளியூரில் வேலை பார்க்கிறேன். 'ஓடிபி சொல்லாதீர்கள், லிங்க்கைத் தொடாதீர்கள்' என்று எத்தனை முறை சொன்னாலும் பயம் போகவில்லை. கணினி தெரியாத சாதாரணக் குடும்பத்துக்கு இதையெல்லாம் எப்படிப் புரியவைப்பது?

பதில்: நீங்கள் சொல்லிவருவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அது முழுவதும் 'கூடாது' என்று முடியும் பட்டியல். நான் நீண்ட காலம் வங்கிக் கிளையில் பணியாற்றியவன். பணத்தைப் பறிகொடுத்துவிட்டுக் கவுண்டர் முன்னால் வந்து நின்றவர்களில் பலர் இந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். ஏமாற்றுபவன் 'உங்கள் ஓடிபியைச் சொல்லுங்கள்' என்று கேட்பதே இல்லை. 'உங்கள் கார்டில் யாரோ 25,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கப் பார்க்கிறார்கள் ஐயா, அதை ரத்து செய்ய ஓர் எண் வரும், உடனே படியுங்கள்' என்கிறான். உங்கள் அப்பாவின் காதில் விழுவது ரத்து செய்யும் எண் என்பதுதான். தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில் அவர் அதைப் படித்துவிடுகிறார்.

ஆகவே வீட்டில் இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும். எதைச் செய்தால் தன் கணக்கிலிருந்து பணம் வெளியே போகும் என்பது ஒவ்வொருவருக்கும் கண்கூடாகத் தெரிந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்கவும், தவறிவிட்டால் சொல்லவும் யாருக்கும் அச்சம் இருக்கக் கூடாது. முதலாவதைப் பலர் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவதைத்தான் பெரும்பாலான வீடுகள் கோட்டை விடுகின்றன.

முதலாவதிலிருந்து தொடங்குகிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் போனை அவர் கையிலேயே கொடுத்து, உங்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் தொடாதீர்கள். யுபிஐ ரகசிய எண்ணைக் கேட்கும் பக்கம் வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்று அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அவருக்கு ஒரு ரூபாய் அனுப்புங்கள். அவருடைய போன் எதையும் கேட்காது, பணம் தானாக வந்து சேரும். பணம் வருவதற்கு ரகசிய எண் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம். 2016இல் யுபிஐ தொடங்கியதிலிருந்து இதுதான் அதன் அமைப்பு. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும் அதே எண்ணைக் கேட்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் பிறகு குழம்பிப்போவார்.

இந்த ஒன்று புரிந்துவிட்டால் ஒரு பெரிய மோசடிக் கூட்டத்தின் வேலை உங்கள் வீட்டில் நடக்காது. பழைய பீரோவையோ மோட்டார் சைக்கிளையோ விற்க விளம்பரம் கொடுத்தால், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் பேரமே பேசாமல் ஒப்புக்கொள்வார். 'முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்' என்பார். ஒரு ரூபாய் பயிற்சியைச் செய்து பார்த்தவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிடும். ஒரு தனிநபர் இன்னொரு தனிநபரிடம் யுபிஐ வழியாகப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் முதல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் நிறுத்திவிட்டது. அந்தக் கதவு அடைபட்டுவிட்டது, ஆனால் க்யூஆர் கோடு தந்திரம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஓடிபிக்கும் இதே வழிதான். 'யாரிடமும் சொல்லாதே' என்பதைவிட 'முழுவதும் படி' என்பது பயன் தரும். அந்தக் குறுஞ்செய்தியில் வெறும் ஆறு இலக்கம் மட்டும் இருப்பதில்லை. எதற்கான எண், கார்டில் வாங்குவதாக இருந்தால் எவ்வளவு ரூபாய், எந்தக் கடை என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். ஆனால் நம் வீடுகளில் பலருக்கு இங்கேதான் தடை. செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் அம்மா, வங்கியின் குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பார்க்கிறார். அவருக்கு அறிவு குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம், எச்சரிக்கை அவர் படிக்கும் மொழியில் இல்லை. எனவே போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். கூகுள் பே, போன்பே, பீம், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் தமிழ் இருக்கிறது. அப்படியும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால், உண்மையாக வந்த நான்கைந்து பழைய செய்திகளைத் திறந்து வைத்து, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் தொகை இருக்கிறது, எந்தச் சொல் வந்தால் பணம் போயிருக்கிறது, எது வந்தால் பணம் வந்திருக்கிறது என்று காட்டிக் கொடுங்கள். 'டெபிட்டட்', 'கிரெடிட்டட்' இரண்டையும் அடையாளம் காணத் தெரிந்தாலே பெரிய உதவி.

அனுப்பியவர் யார் என்று பார்க்கும் பழக்கமும் அங்கேயே தொடங்கட்டும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்து வராது, ஆங்கில எழுத்துகளால் ஆன ஒரு பெயரிலிருந்து வரும். 2025 மே மாதத்திலிருந்து அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு இன்னொரு எழுத்தும் சேர்கிறது: பரிவர்த்தனைக்கு டி, சேவைக்கு எஸ், அரசுச் செய்திக்கு ஜி, விளம்பரத்துக்குப் பி. 'இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைத் தொடர்புகொள்ளுங்கள்' என்று சில ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராகச் சுற்றிய செய்தி சாதாரணச் செல்போன் எண்களிலிருந்துதான் வந்தது. வாட்ஸ்அப்பில் வங்கியின் சின்னத்தைப் படமாக வைத்துக்கொள்ள யாராலும் முடியும் என்பதையும் காட்டுங்கள். உங்கள் போனிலேயே படத்தை மாற்றிக் காட்டினால் ஒரே நிமிடத்தில் புரியும்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். தேடல் முடிவுகளில் போலி எண்களை விளம்பரமாகவே போட்டுவைக்கிறார்கள். சரியான எண் ஏடிஎம் கார்டின் பின்புறம் இருக்கிறது. அதை அப்பாவின் போனில் 'வங்கி' என்று தமிழில் சேமித்துவிடுங்கள்.

இனி, பழைய அறிவுரைகளுக்குள் அடங்காத ஒன்று. 'நான் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை, ஆனாலும் பணம் போய்விட்டது' என்று ஒருவர் சொன்னால் முன்பு யாரும் நம்பமாட்டார்கள். இன்று அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது, அல்லது போக்குவரத்து அபராதச் சலான், அல்லது விவசாயிகளுக்கான பிஎம் கிசான் உதவித்தொகைப் படிவம். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிகிறது. அது பத்திரிகையும் அல்ல, படிவமும் அல்ல, ஒரு செயலி. தொட்டால், நிறுவட்டுமா என்று போன் கேட்கும். பிறகு குறுஞ்செய்திகளைப் படிக்கட்டுமா என்று கேட்கும். இரண்டுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபியை அந்தச் செயலியே படித்து எங்கோ இருப்பவனுக்கு அனுப்பிவிடும். 'தெரியாதவர் அனுப்பியதைத் தொடாதே' என்பதும் இங்கே காப்பாற்றாது. ஏனென்றால் அது சித்தப்பாவின் எண்ணிலிருந்தே வரும். சித்தப்பாவின் போன் ஏற்கெனவே சிக்கியிருக்கும், அவருக்கே அது தெரிந்திருக்காது.

வீட்டில் இதற்குச் சொல்ல வேண்டியது எளிது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வீடியோவாகவோ வரும், அதைப் பார்க்க எதையும் நிறுவ வேண்டியதில்லை. நிறுவட்டுமா என்று போன் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு உங்களை அழைக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது: ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில், தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதி வாட்ஸ்அப், குரோம் போன்றவற்றுக்கு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ப்ளே ஸ்டோரில் இருக்கும், கெட்ட செயலிகளைக் கண்டறியும் ப்ளே புரொடெக்ட் இயங்குகிறதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே தொட்டுவிட்டார்கள் என்றால் போனை உடனே ஃபிளைட் மோடில் போட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். 'உங்கள் பிரச்சினையைச் சரிசெய்கிறேன்' என்று சொல்லி எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வுச் செயலியை நிறுவச் சொல்பவரும் இதே வகைதான். அந்தச் செயலி கெட்டது அல்ல, அதை நிறுவச் சொல்லும் அந்நியர்தான் ஆபத்து.

இதுவரை சொன்னவை எல்லாம் தெரியாமையால் நடப்பவை. பெரிய தொகைகள் பறிபோவது பயத்தால். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, அல்லது உங்கள் ஆதாரை வைத்துப் பணமோசடி நடந்திருக்கிறது என்று ஓர் அழைப்பு வரும். பிறகு வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டை, பின்னால் அரசுச் சின்னம், கையில் முத்திரை போட்ட உத்தரவு. கேமராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டு வெளியே போகக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பிள்ளைகளும் கைதாவார்கள். கடைசியில், 'உங்கள் பணம் நேர்மையானதுதானா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும், இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், திரும்ப வந்துவிடும்' என்பார்கள். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் இப்படி வைத்திருக்கிறார்கள். ஓய்வூதியமும் வைப்புத்தொகையும் உள்ள, படித்த, கண்ணியமான பெரியவர்கள்தான் இதில் அதிகம் குறிவைக்கப்படுகிறார்கள்.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றே கிடையாது. எந்தக் காவல் துறையும் வீடியோ அழைப்பில் கைது செய்வதில்லை, பணத்தை மாற்றச் சொல்வதுமில்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் வானொலி உரையிலேயே இதைச் சொன்னார். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியிடமிருந்து, அந்த நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவுகளைக் காட்டி ஒரு கோடிக்கும் மேல் பறித்திருந்தார்கள். முத்திரையையும் கையெழுத்தையும் பார்த்து உண்மையா பொய்யா என்று முடிவுசெய்யும் வேலையை அப்பாவிடம் விடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அவர் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: 'யாரிடமும் சொல்லாதே' என்ற நிபந்தனை. உண்மையான காவல் துறை உங்கள் குடும்பத்திடம் சொல்லாதே என்று மிரட்டாது, வக்கீலிடம் பேசாதே என்றும் சொல்லாது. அந்தச் சொல் காதில் விழுந்த கணமே இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

துண்டிப்பது நம் பெரியவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த தலைமுறை அது. வாசலுக்கு வந்தவரையே பாதிப் பேச்சில் அனுப்பத் தெரியாதவர்கள் அவர்கள். ஆகவே 'துண்டித்துவிடுங்கள்' என்று சொல்வது போதாது, அவர்கள் பேச வேண்டிய வாக்கியத்தையே கையில் கொடுங்கள். 'வீட்டில் கேட்டுவிட்டுப் பேசுகிறேன் சார்' என்று சொல்லிவிட்டு வைக்கட்டும். இரண்டு மூன்று முறை வீட்டிலேயே சொல்லிப் பழகட்டும். நீங்களே வேறு எண்ணிலிருந்து அழைத்துப் பயிற்சி கொடுக்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பெற்றோரைச் சோதித்துப் பிடித்து வெட்கப்பட வைப்பது எதிர்விளைவையே தரும்.

இன்னொன்றும் சொல்லிவையுங்கள். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே உடைக்கப் போனால், 'எதற்காக இந்தப் பணம்?' என்று கவுண்டரில் இருப்பவர் கேட்பார். 'மகன் வீடு கட்டுகிறான் என்று சொல்' என்று மோசடிக்காரன் முன்பே சொல்லிக்கொடுத்திருப்பான். ஊழியர் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில்கூடக் காப்பாற்ற முடியும்.

இப்போது இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற உதவி எண் இருக்கிறது. அழைத்தால், பணம் போன வங்கிக்கும் அங்கிருந்து அடுத்து மாறிய வங்கிகளுக்கும் தகவல் போய், பணம் எங்கே நிற்கிறதோ அங்கே முடக்க முயல்வார்கள். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரே கணக்கில் விட்டுவைப்பதில்லை. நிமிடங்களில் நான்கைந்து கணக்குகளுக்குப் பிரித்து, ஏடிஎம் வழியாக எடுத்துவிடுவார்கள். அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் எல்லாம். அந்த நேரத்தை நம் வீடுகளில் தின்பது எது தெரியுமா? திட்டுக்குப் பயந்த மௌனம். மகன் என்ன சொல்வானோ என்று அம்மா மறைக்கிறார். மனைவிக்குத் தெரியாமல் எப்படியாவது ஈடுகட்டிவிடலாம் என்று அப்பா நினைக்கிறார். இரண்டு நாள் கழித்து வந்து நிற்பார்கள். அப்போது முடக்குவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. 'இவ்வளவு சொல்லியும் புத்தி இல்லையா' என்று நீங்கள் ஒருமுறை கத்திவிட்டால், அடுத்த முறை அவர்கள் உங்களிடம் வரவே மாட்டார்கள். என்ன நடந்தாலும் முதலில் பணத்தைப் பார்ப்போம், திட்டமாட்டேன் என்று இன்றே வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

தம்பிக்கும் இதே வாக்கு வேண்டும், அவன் விஷயத்தில் இன்னும் அவசரமாக. அவனுக்குப் போனைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கலாம். ஆனால் அவன் வயதுக்கென்றே வலைகள் இருக்கின்றன. முன்பின் தெரியாத பெண்ணிடமிருந்து வீடியோ அழைப்பு வரும். அதைப் பதிவுசெய்து, நண்பர்களுக்கெல்லாம் அனுப்புவோம் என்று மிரட்டிப் பணம் கேட்பார்கள். கொடுத்தால் மேலும் கேட்பார்கள். அவமானத்தால் உயிரையே விட்ட பிள்ளைகள் உண்டு. 'அப்படி எது நடந்தாலும் என்னிடம் வா, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்' என்று அண்ணனோ அக்காவோ முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பையனுக்கு ஒரு வழி தெரியும்.

அவனிடம் கட்டாயம் பேச வேண்டிய மற்றொன்று, வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது. 'உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறோம்' என்று கல்லூரி மாணவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். வேறு யாரோ ஒரு முதியவரிடம் பறித்த பணம்தான் அந்தக் கணக்கு வழியாகப் போகிறது. காவல் துறை முதலில் வந்து நிற்பது அந்த மாணவனின் வீட்டில். கணக்கு முடங்கும், வழக்கு வரும், வேலைக்கான காவல் சான்றிதழில் சிக்கல் வரும். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று தொடங்கும் பகுதிநேர வேலைகளும் உண்டு. முதலில் சில நூறு ரூபாய் உண்மையாகவே தருவார்கள், பிறகு 'பெரிய டாஸ்க்' செய்யப் பணம் கட்டச் சொல்வார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் 2022இல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டு வந்தார்கள். அங்கே அவர்களை அடைத்துவைத்து இணைய மோசடி வேலையைத்தான் செய்யச் சொன்னார்கள்.

ஊருக்குப் போகும்போது நீங்களே செய்துவைக்க வேண்டிய சில வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓய்வூதியமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை யுபிஐயோடு இணைக்காதீர்கள். மளிகைச் செலவுக்குத் தனிக் கணக்கு ஒன்று வைத்து, சில ஆயிரம் மட்டும் போட்டு, அதை இணையுங்கள். மற்ற எல்லா ஏற்பாடும் தோற்றாலும் இழப்பு அந்தச் சில ஆயிரத்தோடு நிற்கும். என்னைக் கேட்டால் இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி நிம்மதி. வாட்ஸ்அப்பில் இரு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். 'தவறுதலாக உங்களுக்கு ஓர் எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்' என்று உறவினர் பெயரில் கேட்டு வாட்ஸ்அப்பையே பறிப்பவர்களை அது தடுக்கும். குழுக்களில் சேர்க்கும் உரிமையைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். அப்பாவுக்கு வரும் அழைப்புகளை யாராவது வேறு எண்ணுக்குத் திருப்பிவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால், அவர் போனிலிருந்து ##002# என்று அழையுங்கள், அந்தத் திருப்பல் எல்லாம் ரத்தாகும்.

கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைப்பது தவறு என்பார்கள். பெற்றோருக்கு அதுதான் சிறந்த வழி என்பது என் கருத்து. திருடன் ரஷ்யாவிலிருந்தோ கம்போடியாவிலிருந்தோ உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. எல்லா இடத்திலும் பேரனின் பெயரையே கடவுச்சொல்லாக வைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். யுபிஐ ரகசிய எண்ணை மட்டும் அந்த நோட்டில் எழுத வேண்டாம்.

ஆதாரின் கைரேகையைப் பூட்டிவைக்கச் சொல்லிப் பலர் அறிவுறுத்துகிறார்கள். கைரேகையைத் திருடிப் பணம் எடுக்கும் மோசடிக்கு அது நல்ல தடுப்புதான். ஆனால் ரேஷன் கடையிலும் ஓய்வூதியருக்கான உயிர்வாழ் சான்றிதழுக்கும் அதே கைரேகை வேண்டும். பூட்டிவிட்டு நீங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டால் அம்மா ரேஷன் கடையில் தவிப்பார். தேவைப்படும்போது திறந்து மூடத் தம்பிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பூட்டுங்கள்.

எல்லாவற்றையும் மீறிப் பணம் போய்விட்டால், 1930க்கு அழைப்பதோடு வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் இணையவழிக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவுசெய்யுங்கள். வந்த செய்திகள், எண்கள், எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வாடிக்கையாளருடையதும் அல்லாமல் வங்கியுடையதும் அல்லாமல் வேறு எங்கோ நடந்திருந்து, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்திருந்தால், இழப்பை வாடிக்கையாளர் ஏற்க வேண்டியதில்லை. ஓடிபியைச் சொல்லிவிட்டவராக இருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியின் மீதுதான் இருக்கிறது. கிளையில் 'ஒன்றும் செய்ய முடியாது' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் திரும்பி வராதீர்கள், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அதன் பிறகு சில வாரங்களில், 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறிய கட்டணம் கட்டுங்கள்' என்று யாராவது அழைக்கக்கூடும். வக்கீல் என்பார், சைபர் கிரைம் போலீஸ் என்பார். நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். முதலில் ஏமாற்றிய கூட்டமோ, அதனிடம் பட்டியலை வாங்கிய இன்னொரு கூட்டமோதான் அது. பணத்தை இழந்து ஏங்கிக்கொண்டிருக்கும் அப்பா அந்த அழைப்பை நம்பத்தான் விரும்புவார். புகார் கொடுத்த அன்றே இதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.